தலதா மாளிகை அகழிப் பாலமும் மகாவாசலும்

இலங்கையின் கண்டியில், புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் தலதா மாளிகையின் முன் அகழியைக் கடக்கும் சிறிய பாலமும், அதை அடுத்த சிற்ப வாயிலான மகாவாசலும். ஒப்பிட்டால், பிராகா நகரின் சார்லசு பாலத்துக்கு 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். இங்கே சில எட்டுகளிலேயே மறுகரை வந்துவிடும். ஆனாலும் யாரும் விரைந்து கடப்பதில்லை. கீழே மீன்கள் கூட்டமாகத் திரும்ப, கையில் தாமரைத் தட்டோடு வந்தவர்களும் ஒரு கணம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரும் வெறுங்கால், வெயிலில் சுடும் கல்லைத் தாண்டிப் படியடியை அடைகிறது. அங்கே சந்திரவட்டக்கல். அநுராதபுரத்தில் அரைவட்டமாக இருந்த இந்தக் கல் கண்டிக் கலைஞரின் கையில் வளைந்து, ஏறத்தாழ முக்கோணமாகிவிட்டது. வாயிலின் இருபுறமும் கல் யானைகள். படியுச்சியில் காவற்கற்கள், மகர தோரணம்.

1998 சனவரி 25 குண்டுவெடிப்பில் மகாவாசல் சிதைந்தது. இன்று காண்பவற்றில் பல மறுபடி செதுக்கப்பட்டவை. பிராகாவிலும் பல சிலைகள் நகல்கள்தாம்; மூலங்கள் அருங்காட்சியகத்தில்.

அருகிலுள்ள எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் (ஆட்சி 1798–1815) காலத்தது. கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரி. இப்போது அங்கே ஓலைச்சுவடிகள் உள்ளன. கண்டி ஏரிக்கரையில் முகில் வடிவ மதிலையும் அம்மன்னனே எழுப்பினான். அதை முடிக்குமுன் அவன் ஆட்சி போயிற்று. நாயக்கர் வழிவந்த அவன் வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832இல் இறந்தான். மதிலின் மாடக்குழிகள் விளக்கேற்றுவதற்கானவை.