கல்லில் அமைந்த சுருதி

ஒரு கட்டிடத்தை நோக்குமிடத்துக் கண் முதலிற் காண்பது தூணையும் சுவரையும் வளைவையுமே. அவற்றை எழுப்பியவன் எதனை எண்ணி எழுப்பினான் என்னும் வினா பின்னரே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடுவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் றுடோல்ப் விற்கோவர் என்னும் பேரறிஞர்.

1901ஆம் ஆண்டிலே பேர்லின் நகரிற் பிறந்த விற்கோவர், கலை வரலாற்றிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1923இல் உரோமாபுரி சேர்ந்தார். அங்குள்ள ஹேர்ட்சியானா நூலகத்திற் பல்லாண்டு பணியாற்றி, பேர்னினி என்னும் சிற்பியின் வரைபடங்கள் பற்றிய பெருநூலை இன்னோர் அறிஞருடன் சேர்ந்து 1931இல் வெளியிட்டார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறினார். யூத அறிஞர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து விலக்கப்பட்டனர். யூதராகிய விற்கோவரும் தாய்நாட்டைத் துறந்து இலண்டனை அடைந்தார். அவ்வாண்டு டிசம்பரிலே வார்பேர்க் நூலகத்தின் ஏறத்தாழ 60,000 நூல்களும் ஹாம்பேர்க் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலண்டன் வந்து சேர்ந்தன. நாடிழந்த அறிஞரும் நாடிழந்த நூல்களும் ஓரிடத்திற் கூடியமை ஆராய்ச்சி உலகிற்கு வாய்த்த நற்பேறாகும்.

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் கட்டிடங்களைப் பற்றி அக்காலத்தில் இருவகைக் கருத்துக்கள் நிலவின. அவை தெய்வ பக்தி குன்றிய காலத்தின் ஆடம்பரங்கள் என்றார் றஸ்கின். அவை கண்ணுக்கு இன்பமூட்டும் பொருட்டே எழுந்தவை என்றனர் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா என்பதே விற்கோவரின் முடிபு.

அவர் காட்டிய சான்று இசையிலிருந்து பிறந்தது. ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்து மீட்டினால் மேல் ஸ்தாயியின் சட்சம் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் பஞ்சமம் ஒலிக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் மத்திமம் ஒலிக்கும். பண்டைக் கிரேக்கர் கண்ட இந்த எண் விகிதங்கள் பிரபஞ்சத்தின் ஒழுங்கையே உணர்த்துவன என மறுமலர்ச்சிக் காலத்தோர் நம்பினர். செவிக்கு இனிய விகிதங்களைக் கட்டிடத்துக்கும் கொள்க என்றார் அல்பேட்டி. அவருடைய நூல் 1485இல் அச்சேறியது. 1570இல் பலாடியோ வெளியிட்ட நூலிலும் அறைகளின் நீள அகலங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு என்னும் அளவுகள் கூறப்படுகின்றன. வட்ட வடிவ ஆலயமோ இறைவனின் பூரணத்துவத்துக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. ஆகவே, அக்கட்டிடங்கள் வெறும் அலங்காரங்களல்ல. சமய உணர்வும் கணித அறிவும் சேர்ந்து அமைத்தவை என்று விற்கோவர் நிறுவினார்.

இவ்வாராய்ச்சியின் முக்கிய கட்டுரைகள் வெளிவந்தது எக்காலத்தில்? 1940க்கும் 1945க்கும் இடையில், இலண்டன் மீது குண்டுகள் வீழ்ந்த போர்க்காலத்தில்! அவை திரண்டு 1949இல் நூலாயின. அழிந்த நகரங்களை மீளக் கட்டமைக்க முற்பட்ட இளங் கட்டிடக் கலைஞர்கள் அந்நூலை ஆர்வத்தோடு கற்றனர். எனினும், விகித முறைகள் நல்ல கட்டிடத்துக்குத் துணைசெய்யுமா என்று 1957இல் இலண்டனிற் கட்டிடக் கலைஞர் நடத்திய விவாதத்தில், துணைசெய்யும் என்ற பிரேரணை தோல்வியுற்றது. பழங்கால நம்பிக்கையை விளங்கிக் கொள்வது வேறு, அதனைப் பின்பற்றுவது வேறு என்பதற்கு அது சான்றாயிற்று.

1956இல் விற்கோவர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1969 வரை கற்பித்தார், 1971இல் மறைந்தார். பின்வந்தோர் அவர் முடிபுகளை அப்படியே ஏற்றுக்கொண்டாரல்லர். பலாடியோவின் அச்சுப் படங்களிற் கண்ட அளவுகள் கட்டப்பட்ட மனைகளில் எப்போதும் காணப்படவில்லை என்றும், இசை விகிதங்களுக்கு அவர் அளவுமீறிய முதன்மை கொடுத்தார் என்றும் திருத்தம் கூறினர். ஆயினும், அவரை மறுப்போரும் அளவுகோலைக் கையில் ஏந்தி, கட்டியவனின் கருத்தையே தேடுகின்றனர். அத்தேடலுக்கு வழி வகுத்ததே விற்கோவரின் நிலையான தொண்டாகும்.