'ஏ' முத்திரையும் சிடி கடையும்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் எது? ஏதாவது கவர்ச்சிப் படமாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 1951-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'மர்மயோகி'. ராஜாவின் ஆவி மாதிரி ஒரு உருவம் அதில் வரும். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று 'ஏ' கொடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அது ஆவியே இல்லை, ராஜா உயிரோடுதான் இருக்கிறார் என்று படத்திலேயே தெரிந்துவிடும்!

'யு', 'ஏ' என்ற இரண்டு பிரிவுகளும் 1949-இல் வந்த சட்டத் திருத்தத்தில் பிறந்தவை. பிறகு 1952-இல் இப்போதுள்ள சினிமா சட்டம் வந்தது. 1983-இல் 'யு/ஏ' சேர்ந்தது. 2023-இல் அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'ஏ' படத்தைச் சின்னப் பையனுக்குக் காட்டினால் தண்டனை பையனுக்கு இல்லை, அவன் அப்பாவுக்கும் இல்லை, படத்தைக் காட்டியவருக்குத்தான். அதனால்தான் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் முகத்தைப் பார்த்து "வயசு என்னடா?" என்று கேட்கிறார். கேட்காமல் விட்ட தியேட்டர்களும் நிறைய உண்டு, அது வேறு கதை :-)

சிகரெட்டுக்கும் இதே வழிதான். 2003-ஆம் வருட புகையிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது. கடையில் போர்டு வைக்க வேண்டும். வாங்க வந்தவன் சின்னப் பையன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடைக்காரருடையது. அபராதம் 200 ரூபாய் வரைதான், ஆனால் கேள்வி யாரிடம் என்பது தெளிவாக இருக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். புதுப்பட்டினம் கடைவீதி என்றால் கல்பாக்கம் டவுன்ஷிப்காரர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் சாமான் வாங்க வரும் இடம். 2000-களில் அங்கே சிடி கடைகள் எப்படி இருந்தன என்று என் பெரியம்மா பையன், அதாவது எங்கள் அண்ணன், கதை கதையாகச் சொல்வார். பெட்டிக்கடையில் பீடி கேட்டால் "யாருக்குடா?" என்று விசாரிப்பார்களாம். பக்கத்துச் சிடி கடையில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம். அப்போது அண்ணன் எட்டாம் வகுப்பு. அந்த கேமில் என்ன செய்ய வேண்டும்? கார் திருட வேண்டும், ஆளைச் சுட வேண்டும், போலீஸ் துரத்தினால் போலீஸையும் சுட வேண்டும். அமெரிக்காவில் அதற்கு 'எம்' முத்திரை, அதாவது 17 வயதுக்கு மேல். இங்கே விற்றது திருட்டுப் பிரதிதான். ஆனால் ஒரிஜினல் அட்டையை அப்படியே ஸ்கேன் செய்து அச்சடித்ததால் அந்த 'எம்'மும் மூலையில் மங்கலாக ஒட்டிக்கொண்டு வந்ததாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. கேம் கம்பெனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்தக் கடைக்குச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 2004-இல் குண்டர் சட்டத்தையே திருத்தி, திருட்டு விசிடிக்காரர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆபாசமான பொருளை 20 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்றால் இந்திய தண்டனைச் சட்டம் 293-ஆவது பிரிவு பாயும் என்று இருந்தது (2024 ஜூலை முதல் அது புதிய நியாய சன்ஹிதாவில் 295-ஆவது பிரிவு). ஆக, பிரதி திருட்டா என்று கேட்கச் சட்டம் இருந்தது, ஆபாசமா என்று கேட்கவும் இருந்தது. ஆளைச் சுடும் கேமை வாங்குபவனுக்கு என்ன வயசு என்று கேட்கத்தான் எதுவும் இல்லை. ஆவிக்குப் பயந்து எம்.ஜி.ஆர். படத்துக்கே 'ஏ' போட்ட நாடு இது!

அந்த 'எம்' முத்திரை எங்கிருந்து வந்தது? அது அமெரிக்க அரசாங்கம் ஒட்டியது அல்ல. 1976-இலேயே 'டெத் ரேஸ்' என்ற ஆர்கேட் கேமில் குச்சி மனிதர்களைக் காரால் ஏற்றிக் கொல்கிறார்கள் என்று அங்கே சண்டை நடந்தது. பெரிய சண்டை 'மார்ட்டல் காம்பாட்'டால் வந்தது. தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் கேம் அது. 1993 டிசம்பரில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரண்டு செனட்டர்கள் விசாரணை நடத்தி, நீங்களே தரம் பிரியுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் சட்டம் போடுவோம் என்று கம்பெனிகளை மிரட்டினார்கள். பயந்துபோன கம்பெனிகள் 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பைத் தொடங்கின. 'எம்' அதன் முத்திரைதான்.

முத்திரை வந்ததும் கடைக்காரர்கள் திருந்திவிட்டார்களா? அதுதான் இல்லை. அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2000-இல் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளை ரகசியமாகக் கடைக்கு அனுப்பிப் பார்த்தது. 100-க்கு 85 பேர் 'எம்' கேமை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்! ஆணையம் விடவில்லை, திரும்பத் திரும்ப அனுப்பியது, முடிவுகளை வெளியிட்டது. 2011-இல் வந்த அறிக்கையில் அது 13 ஆகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் இதற்காக எந்தக் கடைக்காரரையும் ஜெயிலில் போடவில்லை.

கலிபோர்னியா 2005-இல் சட்டமே போட்டது. வன்முறை கேமைச் சிறுவருக்கு விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. புத்தகம், நாடகம் போல வீடியோ கேமும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று எழுதினார் நீதிபதி ஸ்காலியா. குழந்தைக் கதைகளில் மட்டும் ரத்தம் இல்லையா என்று கிரிம் சகோதரர்களின் கதைகளையும் உதாரணம் காட்டினார். (நம் பாட்டிகள் சொல்லும் ராட்சசன் கதைகளைக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.)

நம் உச்ச நீதிமன்றம் 1970-இல் இதற்கு நேர் எதிராகப் போயிருந்தது. கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஒரு குறும்படத்துக்கு 'யு' கேட்டார், 'ஏ' கொடுத்தார்கள், வழக்குப் போட்டார். மற்ற கலைகளைவிட சினிமா மனதை அதிகம் பாதிக்கும், அதனால் தணிக்கையும் வயதுப் பிரிவும் செல்லும் என்று தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பு சொன்னார். என்னைக் கேட்டால், வீடியோ கேமுக்கு வயது வரம்பு வைக்க விரும்பியிருந்தால் நம் அரசுகளுக்கு அமெரிக்காவைவிட எளிதான பாதை இருந்தது. யாரும் அந்தப் பாதையில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சிடி போய் செல்போன் வந்தது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாடிய மாணவர்களையே போலீஸ் பிடித்தது. விற்றவரைக் கேட்கும் சட்டம் இல்லாத இடத்தில் விளையாடியவன் மாட்டிக்கொண்டான், பாருங்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி உள்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. வயசு பற்றிப் பேச்சே இல்லை.

தமிழ்நாட்டில் சட்டம் வந்தது பணத்தால். 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலத்தில், ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை என்று செய்திகள் வர ஆரம்பித்தன. 2021-இல் போட்ட சட்டத்தை அதே வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, மறுபடி மசோதா கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில்தான் நான் தேடிய கேள்வி இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் 18 வயதுக்குக் கீழே யாரும் கூடாது, ஆதார் காட்டி வயதை நிரூபிக்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடவே கூடாது. உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் இது செல்லும் என்றது. அடுத்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே எல்லா வயதினருக்கும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

பணம் கட்டாமல் ஆளைச் சுடும் கேம்? அதைப் பற்றி இந்த விதிகள் பேசவில்லை. பப்ஜியின் இந்திய அவதாரம் 2021-இல் வந்தபோது, 18-க்குக் கீழே இருந்தால் பெற்றோரின் போன் நம்பர் கேட்டது. அது கம்பெனி தானாகப் போட்டுக்கொண்ட விதி. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 12+, 18+ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார், அந்தப் பதில்களிலிருந்து வருகிற எண் அது. 'ஏ' படத்துக்கு முகத்தைப் பார்க்க டிக்கெட் கிழிக்கிறவராவது இருந்தார்.

என் சித்தப்பா பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் விளையாடுகிற போன் சித்தப்பாவுடையது. அதிலிருக்கும் கூகுள் கணக்குப்படி அவனுக்கு வயது 44.