வராதவர்களின் கணக்கு

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். டி.பி. வந்த ஏழையை அவருடைய வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்று கண்டறிவதுதான் அதன் முதல் வேலை.

அதுவரை டி.பி. என்றாலே சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. 1952-ல் ஐசோனியாசிட் புழக்கத்துக்கு வந்ததும் மாத்திரையால் இந்த நோயைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் 1955 முதல் 1958 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பு காட்டிய நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த அரசாலும் முடியாது.

சேத்துப்பட்டு ஆய்வில் 193 பேர் சேர்க்கப்பட்டார்கள். சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பாஸ் (PAS) என்ற இன்னொரு மருந்தும், ஒரு வருஷத்துக்கு.

இந்த ஒரு வருஷம் என்பதில்தான் ஆய்வின் கஷ்டம் முழுவதும் இருந்தது.

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும். காய்ச்சல் விடும். உடம்பு தேறி வேலைக்குப் போகலாம் போலிருக்கும். பாஸ் மருந்தோ நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டியது. குமட்டும், வயிற்றைக் கலக்கும். மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போகும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது. இத்தனையும் சேர்ந்து ஒருவரை நிறுத்திவிட்டால், ஆய்வாளரின் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகும். அவர் குணமாகி நின்றாரா, முற்றிப்போய் நின்றாரா, ஊரைவிட்டே போய்விட்டாரா? தெரியாது. கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணிச் சதவீதம் போட்டால், முற்றிப்போனவர்களே அதிகம் நின்றிருக்கும்போது மருந்து உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். நன்றாகிப் போனவர்களே அதிகம் நின்றிருந்தால், மோசமாகத் தெரியும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால் மையத்தின் ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எடுத்துக் காட்டச் சொல்லி எண்ணுவார்கள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருந்தால் விஷயம் விளங்கிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மருந்து வயிற்றுக்குள் போயிருக்கும் என்று சொல்ல முடியாதே. ஆகவே சிறுநீரையும் சேகரித்துப் பரிசோதித்தார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் நிறம் மாறும். நோயாளி தானே மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-ல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். மருந்தின் வீரியத்தை அளக்க வந்தவர்கள் மனிதரின் ஒழுங்கையும் அளக்க வேண்டியதாயிற்று.

முடிவுகள் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் நீண்ட அறிக்கையாக வந்தன. தனி ஆள் பெயர் இல்லாமல், மையத்தின் பெயரில். ஒரு வருஷ முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

அதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. பாதியில் எழுந்து போனவர்கள் சானடோரியத் தரப்பில்தான் அதிகம். படுக்கை, சாப்பாடு, தாதிகள் எல்லாம் இருந்த இடத்திலிருந்துதான் மருத்துவர் சொல்லையும் மீறிக் கிளம்பினார்கள். குடும்பத் தலைவர் ஒரு வருஷம் படுத்துக் கிடந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஓடியவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஏற்பாடு அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பதே உண்மை.

பெங்களூரின் தேசிய காசநோய் நிறுவனம் 1963-ல் இதற்கு இன்னொரு சாட்சி தந்தது. கிராமங்களில் நோயுள்ளவர்களைத் தேடிப் போய்ப் பேசிய தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறிகுறிகளோடு ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவ உதவியை நாடியிருந்ததைக் கண்டார்கள். மக்கள் சிகிச்சைக்குத் தாமாக வருவதில்லை என்ற புகார் அங்கேயே பொய்த்தது.

சேத்துப்பட்டில் அடுத்த முயற்சி, தினமும் வீட்டில் விழுங்குவதற்குப் பதில் வாரம் இரண்டு முறை மையத்துக்கு வந்து ஊழியர் கண்முன்னே மருந்து எடுத்துக்கொள்வது. 1964-ல் அதன் முடிவுகள் வெளியாயின. முப்பது ஆண்டுகள் கழித்து உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்ற பெயரில் நாடு நாடாகப் பரப்பிய முறைக்கு வேர் இதில் இருக்கிறது.

டாட்ஸ் வந்த பிறகும் ஆட்கள் பாதியில் நின்றார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் இதே மையம் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடையே ஆண்களும், குடிப்பழக்கம் உள்ளவர்களும், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்களும் அதிகமாக இருந்தார்கள். தாமாக ஆஸ்பத்திரிக்கு வராமல், வீடு வீடாகப் போன கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவர்களும் அப்படியே. உடம்பு தாங்காமல் வந்தவருக்கும், திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டவருக்கும் மருந்தின் மேல் ஒரே பிடிப்பு இருக்காதுதான்.

அந்த மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீடு தேடிச் சென்று காசநோயாளிகளைக் கண்டறியும் முகாம்கள் இப்போதும் நடக்கின்றன. எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம் என்ற எண்ணிக்கையோடு அவை நிற்கக் கூடாது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே கதவைத் தட்டுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்கிவிட்டுத்தான் முகாம் தேதியைக் குறிக்க வேண்டும்.