யானைக் காவலுக்கு ஒரு வெளிச்சம்: தூரம் அடிக்கும் எல்.ஈ.டி.யின் கதை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி ராகி போட்டவங்களுக்கு, கதிர் முத்தும் நாட்களில் தூக்கம் கிடையாது. யானை வரும். 2023 மார்ச் 7-ம் தேதி மாரண்டஹள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. மின்வேலி இல்லாமல் காவல் காக்கணும்னா, யானை எங்கே நிக்குதுன்னு தூரத்திலேயே தெரியணும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லை. வீட்டிலேயே ஸ்பாட்லைட் செய்யும் விஷயத்தை நான் தோண்ட ஆரம்பிச்சது அதனால்தான்.

தூரம் அடிக்க நிறைய வெளிச்சம் வேணும்னு நினைக்கிறோம். வரலாறு வேற சொல்லுது. 1823-ல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃப்ரெனல் தன் லென்ஸைப் பொருத்தினார். உள்ளே எரிந்தது எண்ணெய் விளக்குதான். சிதறிப்போகும் ஒளியை ஒரே திசைக்குத் திருப்பினார், அவ்வளவுதான். நம்ம அஞ்சு கட்டை டார்ச்சிலும் அதே கணக்குதான். பல்பின் இழை சின்னது. அது ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக உட்கார்ந்தால் ஒளி கற்றையாகப் போகும்.

எல்.ஈ.டி. இந்த வேலைக்கு வர நாளாச்சு. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நாகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்தார். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை ஒளி பிறந்தது. இந்த நீல ஒளிக்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைச்சது. அப்புறம் 1 வாட் லக்சியான், 2010 வாக்கில் 1000 லூமன் வரை தரும் க்ரீ எக்ஸ்.எம்-எல் என்று சக்தி ஏறிக்கிட்டே போச்சு.

இங்கேதான் வாங்குறவங்க ஏமாறுறாங்க. டப்பாவில் போட்டிருக்கும் லூமன் மொத்த வெளிச்சம். தூரத்தை முடிவு செய்வது கேண்டெலா. அதாவது, ஒளிரும் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசம், ரிஃப்ளெக்டர் எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. எக்ஸ்.எம்-எல்லின் சில்லு சுமார் 4 சதுர மி.மீ. ஆஸ்ராமின் தட்டையான வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று சுமார் 1 சதுர மி.மீ.தான். மேலே குமிழ் கிடையாது. மொத்த லூமன் குறைவு, ஆனால் அதே ரிஃப்ளெக்டரில் கற்றை இன்னும் தூரம் போகும். நாலு சில்லு சேர்த்த எல்.ஈ.டி. களத்துமேட்டுக்கு நல்லது, காட்டோரத்துக்கு இல்லை.

டார்ச்களுக்கான அமெரிக்கத் தர அளவுகோலில், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் "தூரம்". கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். 25,000 கேண்டெலாவுக்கு சுமார் 316 மீட்டர்; 1,00,000-க்கு 632. நாலு மடங்கு கேண்டெலா கொடுத்தால்தான் தூரம் ரெண்டு மடங்கு! கண்ணுக்கு உருவம் தெளிவாகத் தெரிவது இதில் பாதி தூரம் என்று வெச்சுக்கோங்க.

மிச்சம் ரெண்டே விஷயம். எல்.ஈ.டி. தாமிரப் பலகையில் உட்காரணும், பின்னால் கனமான அலுமினியம் இருக்கணும். சூடு இறங்காவிட்டால் வெளிச்சமும் ஆயுளும் போச்சு. பேட்டரியை நேரடியா இணைக்காமல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போடுங்க.

இந்த வெளிச்சம் யானையைத் துரத்த இல்லை. இருக்குதுன்னு தெரிஞ்சதும் விலகி, வனத்துறைக்குச் சொல்ல. இதே விளக்கோடு வேட்டைக்குப் போனால் 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ராகி போனால் அடுத்த போகம் இருக்கு. ஆளோ யானையோ போனால் திரும்பாது.