பழைய மருந்தின் மறுவருகை

2019ஆம் ஆண்டின் இறுதியிற் சீனத்து ஊகான் நகரிற் கொரோனா நோய் தோன்றியது. அந்நோய் பரவிய காலத்தும் மாரடைப்பு ஓய்ந்திருக்கவில்லை. அடைபட்ட இருதயக் குருதிக்குழாயைக் குழாய்க்கருவி செலுத்தித் திறப்பதே தலைசிறந்த சிகிச்சை. அதற்கோ தனிக் கூடமும், தேர்ந்த வைத்தியரும், காப்புடைகளும் வேண்டும். தொற்றுக்காலத்தில் இவை யாவும் அரிதாயின. தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மடிந்தது.

ஆகவே 2020இல் சீன இருதய வைத்தியர்கள், குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை முதலிற் கொடுக்கலாம் என்றனர்.

இது புதிய வழியன்று. ஒருவகைக் கிருமி சுரக்கும் பொருள் குருதிக்கட்டியைக் கரைப்பதை, 1933இல் அமெரிக்கரான வில்லியம் ரில்லெற் கண்டறிந்தார். அப்பொருளே பின்னர் ஸ்ரெப்ரோகைனேஸ் எனப் பெயர் பெற்றது. 17,187 நோயாளர் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 1988இல் வெளியாயிற்று. ஐந்து வாரங்களுள் இருதய, குருதிக்குழாய் நோய்களால் மாண்டோர், மருந்து பெறாதாருள் நூற்றுக்குப் பதின்மூவர். அம்மருந்தையும் அஸ்பிரினையும் சேர்த்துப் பெற்றாருள் எண்மர். விலையுயர்ந்த கூடமில்லாத சிறு வைத்தியசாலைக்கும் இம்மருந்து ஏற்றது.

எனினும் இதில் இடரும் உண்டு. கொரோனாவால் இருதயத் தசை அழற்சியுறின், மின்வரைபடம் மாரடைப்பைப் போலவே தோன்றலாம். அங்கே இம்மருந்து பயன் தராது, குருதிப்பெருக்கையே விளைக்கக்கூடும். ஆதலின் நோயை ஆராய்ந்தறியும் வைத்தியரின் அறிவே முதன்மையானது.

தொற்றுக்கு அஞ்சி, நெஞ்சு நோவுடன் வீட்டிலேயே இருந்தோர் பல நாடுகளிலும் உளர். மருந்து மலிவாயிருந்தும் அவர்களுக்கு அது எட்டவில்லை.