சிறைக் கண்காணிப்பாளர் (தமிழ்நாடு)

சிறைக் கண்காணிப்பாளர் என்பவர் மத்திய சிறை ஒன்றின் முழுப் பொறுப்பையும் வகிக்கும் அலுவலர். தமிழ்நாட்டில் புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் மத்திய சிறைகள் உள்ளன. திரைப்படங்களில் சகல அதிகாரத்தோடும் உலவும் 'ஜெயிலர்' உண்மையில் இவருக்குக் கீழே பணிபுரிபவர்.

இப்பதவியின் அதிகாரம் 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்திலிருந்து வருகிறது. ஒழுங்கு, உழைப்பு, செலவு, தண்டனை, கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் அச்சட்டம் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தது. அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஜெயிலர் ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது என்னும் அளவுக்கு அது கறாரானது. மாநில அளவிலான நடைமுறைகளைத் தமிழ்நாடு சிறை விதிகள், 1983 வகுக்கின்றன.

எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிற வேலை இது. காலையில் அறைகளைத் திறக்கும்போதும் மாலையில் லாக்-அப் செய்யும்போதும் கணக்கு நேராக வேண்டும். இடையில் தொகுதிகளைச் சுற்றிவருவது, சமையற்கூடத்தையும் மருத்துவமனையையும் பார்ப்பது, குறை கேட்பது, உறவினர்கள் கைதிகளைச் சந்திக்கும் ('மனு' பார்க்கும்) இடத்தைக் கவனிப்பது எனப் பொழுது போகும். வெளியில் தெரியாத பாதி, காகிதத்தில் இருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் மட்டும் போதாது. அதே ஆளுக்கு வேறு வழக்கில் காவல் இருக்கிறதா, வேறு நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தக் கோரும் பி.டி. வாரண்ட் ஏதும் நிலுவையில் உண்டா என்று பார்த்த பிறகே கதவு திறக்கும். பார்க்காமல் விட்டால் கைதியைத் தப்பவிட்ட குற்றம். காரணமின்றித் தாமதித்தால் சட்டவிரோதக் காவல். சிறைக்குள் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். நீதித்துறை நடுவரின் விசாரணையும் உண்டு. இப்படி ஒரு மரணம் நேரும்போது வதந்திக்கும் கலவரத்துக்கும் இடையே அதிக நேரம் இருப்பதில்லை. 1999 நவம்பரில், கைதி ஒருவர் மருத்துவமனையில் இறந்த செய்தி பரவியதும் அப்போதைய சென்னை மத்திய சிறையில் கலவரம் மூண்டு, துணை ஜெயிலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலரும் இறந்தனர்.

சிறைத் தொழிற்கூடங்களும் இவர் பொறுப்பே. வேலூரில் காவலர்களுக்கான காலணி தயாராகிறது. வ.உ.சி. செக்கிழுத்த கோவைச் சிறையில் இன்று நெசவு நடக்கிறது. சிறைவாசிகளே பெட்ரோல் பங்க்குகளையும் நடத்துகின்றனர்.

கண்காணிப்பாளரின் தண்டிக்கும் உரிமையை நீதிமன்றங்கள் படிப்படியாகக் குறுக்கிவந்துள்ளன. திகார் சிறையில் ஒரு கைதி வதைக்கப்பட்டது பற்றிச் சக கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1979இல் சுனில் பத்ரா வழக்கில், தனிமைச் சிறை போன்ற கடுந்தண்டனைகளுக்கு அமர்வு நீதிபதியின் பரிசீலனை தேவை என்றது. 2024 அக்டோபரில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதையும் அடைப்பதையும் அதே நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பாளையங்கோட்டையில் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகள் இருந்த விவகாரமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. இத்தீர்ப்பைச் செயல்படுத்துவது கண்காணிப்பாளருக்கு எளிதல்ல. சாதி மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்பது சிறைத்துறை நெடுங்காலமாகச் சொல்லிவந்த சமாதானம்.

இப்பதவியை அடைவது நீண்ட பயணம். இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமும், உதவி ஜெயிலர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலமும் சேர்கிறார்கள். உதவி ஜெயிலராக நுழைபவர் துணை ஜெயிலர், ஜெயிலர், கூடுதல் கண்காணிப்பாளர் என்று படியேறி இங்கு வர வேண்டும். 1979இல் வேலூரில் தொடங்கப்பட்ட, 'ஆப்கா' என்று அழைக்கப்படும் பயிலகம் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறது. சட்டத்தோடு குற்றவியலும் உளவியலும் அங்கே பாடம்.

கண்காணிப்பாளருக்கு மேலே துணைத் தலைவர் பதவி உண்டு. துறைத் தலைமைக்கு வருபவரோ பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரி. கைது செய்யும் துறையின் ஆளே காவலில் வைக்கும் துறைக்கும் தலைவராகும் இந்த ஏற்பாடு விவாதத்துக்குரியது. சிறைப் பணிக்கென்றே தனி அகில இந்தியப் பணியை உருவாக்குமாறு நீதிபதி முல்லா குழு 1983இல் பரிந்துரைத்தது. அப்பணி இன்னும் உருவாக்கப்படவில்லை.