மன்னார்குடியின் மாட்டுவண்டி நூலகம்

தஞ்சைத் தரணியின் கல்விச் சிறப்பைப் பேசப் புகுவோர் சரஸ்வதி மகாலைச் சொல்லித் தொடங்குவதே வழக்கம். நாமும் அவ்வழக்கத்தை மீறப் போவதில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் போவதில்லை.

1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு கட்டிலில் வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், ஏடுகளையும் அச்சு நூல்களையும் தேடித் தேடித் திரட்டினார். அந்தப் பெருஞ்செல்வம் அரண்மனைக்குள் இருந்தது. 1918ஆம் ஆண்டில்தான் அது பொதுமக்களுக்கென்று திறக்கப்பட்டது. 1983இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியும் அதற்குக் கிடைத்தது. எனினும், கதவு திறக்கப்படுவது வேறு. மக்கள் உள்ளே நுழைவது வேறு. மன்னார்குடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், ஏரை நிறுத்திவிட்டு, இருபது மைலுக்கும் மேல் வழிநடந்து தஞ்சைக்குப் போய்ப் புத்தகம் படித்துத் திரும்புவார் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. அவர் போகாததற்குக் காரணம் அறிவில் நாட்டமின்மை அன்று, பொழுதின்மை.

இந்த உண்மையை உணர்ந்த ஒருவர் மன்னார்குடியிலேயே இருந்தார். எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் அவர். வாசகர் நூலகத்துக்கு வர இயலாதெனில் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்று துணிந்து, ஒரு மாட்டுவண்டியை நடமாடும் நூலகமாக வடிவமைத்தார். 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் கிராமத்தில் அவ்வண்டி தன் பயணத்தைத் தொடங்கியது. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த அப்பகுதி இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

அந்தத் தேதியைச் சற்று உற்று நோக்க வேண்டும். அது ஐப்பசி மாதத்தின் முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம். சம்பாவும் தாளடியும் நிற்கும் வயல்களில் நடவோ களையெடுப்போ வரப்பு வேலையோ ஓயாத காலம். மேட்டூர் அணை அப்போது கட்டி முடிக்கப்படவில்லை; 1934இல்தான் முடிந்தது. ஆதலால் ஆற்றில் தண்ணீர் வரும்போதே வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி குடியானவருக்கு இருந்தது. மழையில் வண்டித்தடம் சேறாகும். மாடும் உழவுக்குத் தேவைப்படும். ஓய்வான கோடையை விட்டுவிட்டு, ஊரே வயலில் நிற்கும் பருவத்தில் வண்டியைப் பூட்டினார்களே என்று முதலில் நமக்கு வியப்பாகத்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தால், வேலையில் மூழ்கியிருப்பவனுக்காக ஏற்பட்ட வண்டி அவன் வேலையில் இருக்கும்போது போவதுதானே பொருத்தம்!

இம்முயற்சிக்குப் பின்புலமாக நின்றது 1928இல் நிறுவப்பட்ட சென்னை நூலகச் சங்கம். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் இதே காவிரிப் படுகையின் மைந்தர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பயின்று திரும்பியவர். மாட்டுவண்டி புறப்பட்ட அதே 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை விளக்கும் அன்னாரின் நூலும் வெளிவந்தது. அவ்விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இதை நூலடுக்கும் முறையைப் பற்றிய விதியாகவே பலர் கொள்கின்றனர். அடுக்குமுறை அதில் ஒரு பகுதியே. நூலகம் எங்கே இருக்கிறது, எந்நேரம் திறக்கிறது, அங்கே போய்வர எத்தனை நாழிகை ஆகிறது என்பனவும் அவ்விதிக்குள் அடங்கும் என்பது நம் கருத்து.

மேலை நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கம் என்னும் பெண்மணி 1905இல் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். நம் நாட்டில் பரோடா சமஸ்தானம் பெட்டி பெட்டியாகக் கிராமங்களுக்கு நூல்களை அனுப்பி வைத்தது.

நாம் ஓதிய அரபுக் கிதாபுகளோ இன்னும் பழைய செய்தியொன்றைக் கூறுகின்றன. யாகூத் அல் ஹமவீ அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்று, வணிகராயும் நூல்களைப் படியெடுப்பவராயும் பிழைத்தவர். ஊர் ஊராய் அலைவதே அவர் தொழில். ஹிஜ்ரி 616இல் (கி.பி. 1219), தாத்தாரியர் படையெடுப்புக்கு அஞ்சி மர்வு நகரை விட்டு நீங்கும்வரை அங்கே தங்கியிருந்தார். அந்நகரில் வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் இருந்தனவென்றும், தம் இல்லத்தில் எப்பொழுதும் இருநூறு தொகுதிகளுக்குக் குறையாமல் இரவல் நூல்கள் இருந்தனவென்றும், அவற்றுள் பெரும்பாலானவை ஈடேதும் இன்றித் தரப்பட்டனவென்றும் அவர் தம் ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் நிலநூல் களஞ்சியத்தில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். அந்நூலின் செய்திகளுள் பலவற்றை அங்கிருந்தே திரட்டியதாகவும் ஒப்புக்கொள்கிறார். அவர் நீங்கிய இரண்டாம் ஆண்டில் மர்வு அழிந்தது. ஈடு கேட்காத அந்த நூலகர்களின் தாராளத்தால்தான் அங்கிருந்த அறிவில் ஒரு பங்கேனும் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

விடுதலைக்குப் பின், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு உழைத்தவர்களுள் அரங்கநாதன் அவர்கள் முதன்மையானவர். இச்சட்டப்படி வீட்டுவரியோடு நூலகவரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆக, வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்காளி. அந்தப் பங்காளிகளுள் எத்தனை பேருக்கு அங்கே போகப் பொழுது வாய்க்கிறது?

இங்கே நம் சொந்த அனுபவத்தைச் சொல்லாதிருக்க இயலவில்லை. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அலுவலகம் செல்வோர் ஞாயிறன்று வந்து படிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடே. ஆனால் மத்ரஸாவுக்கும் வெள்ளிதான் விடுமுறை! ஏனைய நாள்களில் சுபுஹு தொழுகைக்குப் பின் தொடங்கும் பாடம் அஸர் வரை நீளும். அதன் பின் விரைந்து சென்றால், நூலகர் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருப்பார். ஓராண்டு முழுவதும் ஒரே ஒரு நூலைத்தான் நம்மால் இரவல் பெற முடிந்தது. அதையும் உரிய நாளில் திருப்ப முடியாமல் தாமதக் கட்டணம் செலுத்தினோம்.

அண்மையில், 2022இல், தமிழக அரசு ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர் வழியே இல்லந்தோறும் நூல்களைக் கொண்டு சேர்க்க முற்பட்டது. மேலவாசல் வண்டியின் வழித்தோன்றல் என்றே இதனைக் கொள்ளலாம்.

அரசைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டுமல்லவா? நாம் தொழும் பள்ளிவாசலில் இரண்டு பீரோ நிறைய நூல்கள் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தன. தர்ஜுமாக்கள், சரித்திரங்கள், அரபுத் தமிழில் அச்சான பழம் பிரதிகள் எல்லாம் அவற்றுள் இருந்தன. சாவி முத்தவல்லியிடம், முத்தவல்லி வியாபார நிமித்தம் வெளியூரில். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமாவது திறந்து வையுங்கள், அப்போதுதான் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் ஆட்கள் வந்திருப்பார்கள் என்று மும்முறை எழுதிக் கேட்டோம். நூல்கள் காணாமற் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கரையான் தின்றால் யார் பொறுப்பு என்று நாம் திருப்பிக் கேட்டோம். சென்ற ரபீவுல் அவ்வல் மாதம் முதல் சாவி மோதினாரிடம் இருக்கிறது. இதுவரை இரண்டு நூல்கள் திரும்பி வரவில்லை. நாற்பத்தொரு நூல்கள் போய்த் திரும்பியிருக்கின்றன.